முதலில் குழி, பிறகு கோப்பை

சேலத்திலோ நாமக்கல்லிலோ சானிட்டரி கடைக்குள் நுழைபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “வெஸ்டர்னுங்களா, இண்டியனுங்களா?” என்பது. அடுத்தது நிறம். அதற்கடுத்தது விலை. அரை மணி நேரத்தில் கோப்பை, பிளஷ் டேங்க், ஹெல்த் பாசெட் எல்லாம் பில் போடப்பட்டுக் குட்டியானையில் ஏறிவிடும். வீட்டு மனை செம்மண்ணா கரிசலா, எத்தனை அடியில் பாறை தட்டுகிறது, போர் எந்த மூலையில் இருக்கிறது, வீட்டில் யாருக்கு முட்டிவலி என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. கேட்டிருந்தால் சில வீடுகளுக்கு வேறு கோப்பை போயிருக்கும். இன்னும் சில வீடுகளில் கோப்பையை அப்படியே விட்டுக் குழியை மாற்றியிருப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கு 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. அப்போது இந்தியக் கிராமங்களின் சராசரி 31-ஐ நெருங்கியிருந்தது. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இந்த ஒன்றில் பின்னால் நின்றது. 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. ஏரிக்கரைக்கும் ஓடைப் புதருக்கும் வெளிக்குப் போய்க்கொண்டிருந்த ஊர்களில், பொடக்காளி மூலையில் சின்னச் சின்ன அறைகள் எழுந்தன. வசதியுள்ள வீடுகளில் படுக்கையறைக்கு ஒன்றாக ‘அட்டாச்டு’ வந்தது.

எழும்பிய அறைகளை எண்ணினார்கள், படம் எடுத்தார்கள். அவை ஒவ்வொன்றின் கீழும் வெட்டப்பட்ட குழி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் அந்தக் குழிதான் முதலில் கவனிக்க வேண்டிய சமாச்சாரம்.

பாறை மேல் ஒரு வீடு

சேர்வராயன் அடிவாரத்திலிருந்து காவிரிக்கரை வரை விரியும் இந்தச் சமவெளிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே சில அடி செம்மண், சில இடங்களில் கரிசல். அதன் கீழே உதிர்ந்த பாறையும் சரளையும். அதற்கும் கீழே நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். நிலத்தடி நீர் இங்கே இரண்டே இடங்களில் தங்குகிறது. ஒன்று உதிர்ந்த பாறை அடுக்கு, மற்றொன்று கெட்டிப் பாறையின் வெடிப்புகள். இந்த வெடிப்புகளைத் தேடித்தான் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் தம் சொந்த மண்ணில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளைபோட்டுத் தொழில் கற்றன. பிறகு நாடெங்கும் போய்த் துளைத்தன.

மண்ணுக்கும் வெடிப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. குழியிலிருந்து கசியும் நீர் மெல்லிய மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் மண்ணிலேயே சிக்கிச் சாகின்றன. பாறை வெடிப்பில் இறங்கும் நீருக்கு அந்த வடிகட்டல் கிடைப்பதில்லை. அது நேராக ஓடி, பக்கத்துக் கிணற்றில் எட்டிப்பார்க்கும். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடலாம். மலத்திலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கலந்துவிட்டால், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மீறினால் பால்குடிக் குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையும்.

மனையில் குழிக்கு இடம் குறிப்பது பெரும்பாலும் வாஸ்து. ஈசானிய மூலையில் போர், வாயு மூலையில் செப்டிக் டேங்க் என்பது இந்தப் பக்கத்து மேஸ்திரிகளின் மனப்பாடம். போரையும் குழியையும் வெவ்வேறு மூலைக்கு அனுப்பும் அளவுக்கு அது நல்லதுதான். ஆனால் முப்பதுக்கு நாற்பது மனையில், முப்பதடிப் பக்கம் வடக்கே அமைந்தால், அந்த இரண்டு மூலைக்கும் நடுவே முழுதாக முப்பதடிகூட இருக்காது. அடுத்த மனைக்காரரின் ஈசானிய மூலை நம் வாயு மூலையை உரசிக்கொண்டு நிற்கும் என்பதை எந்த மனையடி நூலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கசியும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. குழியின் அடி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும் மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே நிற்க வேண்டும். வெடிப்புப் பாறை உள்ள இடத்தில் இந்த இரண்டுமே போதாமல் போகலாம். அங்கே குழியின் அடியைக் காங்கிரீட்டால் மூடி, சுற்றுச்சுவருக்கு வெளியே அரை மீட்டர் கனத்துக்கு மெல்லிய மணலை உறைபோல நிரப்பச் சொல்கின்றன அரசுக் கையேடுகள். பாறை தராத வடிகட்டலை அந்த மணல் தரும்.

கரிசலில் சிக்கல் வேறு மாதிரி. மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும், நீரை உறிஞ்ச அடம்பிடிக்கும். அங்கேயும் சுவரைச் சுற்றி மணல் போடாவிட்டால் குழி சீக்கிரம் நிரம்புவதோடு சுவரும் நெளியும். மோகனூர், பரமத்திவேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில் வெட்டுவது எளிது. ஆனால் தண்ணீர் மேலேயே நிற்கும்.

உறையா, தொட்டியா, இரட்டைக் குழியா

“செப்டிக் டேங்க் இருக்குதுங்க” என்று சொல்லும் வீடுகள் பலவற்றில் இருப்பது செப்டிக் டேங்க் இல்லை. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து அடிக்கு இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே மூடி போட்ட ஒற்றைக் குழி அது. செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும், பல வருடம் நிரம்பாது. நிரம்பாததற்குக் காரணம், அது முழுக்கக் கீழே கசிகிறது. ஆழம் கூடக் கூட நிலத்தடி நீருக்கு அருகே போகிறது.

உண்மையான செப்டிக் டேங்க் அடியும் சுவரும் கசியாத தொட்டி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதாக இருந்தால், ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஏறக்குறைய மூன்றரை அடி நீர் ஆழம் போதும். அதற்கு மேலே ஒரு அடி காலியிடம். நம் ஊரில் கட்டப்படும் தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது பொம்மைத் தொட்டியாகத் தெரியும். உள்ளே நடப்பது எளிய வேலை. கனமானது அடியில் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கின்றன, நடுவில் உள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீர் தெளிந்திருக்குமே தவிரச் சுத்தமாக இருக்காது. அதைத் தெருச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சு குழிக்கு அனுப்ப வேண்டும். தொட்டி கட்டுபவர்கள் பத்தில் ஒன்பது பங்கு வேலையை முடித்துவிட்டுக் கைவிடுவது இந்த உறிஞ்சு குழியைத்தான்.

மூன்றாவது வழி இரட்டைக் குழி. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலான ஆழத்தில் இரண்டு வட்டக் குழிகள். சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டுத் தேன்கூடு மாதிரி அடுக்குவார்கள். கோப்பையிலிருந்து வரும் குழாய், ஒரு சின்னச் சேம்பரில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிரம்ப மூன்று ஆண்டு ஆகலாம். பிறகு அடைப்பை மாற்றினால், நிரம்பிய குழி ஒன்றரை ஆண்டு ஓய்வில் கிடந்து, நாற்றமில்லாத கறுப்பு மண்ணாகிவிடும். வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் காற்றுக்குழாய்கூட வேண்டாம். சுலப் அமைப்பின் பிந்தேஸ்வர் பாடக் 1970-களில் பீகாரில் பரப்பிய இந்த முறையைத்தான் தூய்மை இந்தியா இயக்கமும் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தது.

அரசு மலிவாகக் கொடுத்தும் ஜனங்கள் ஏன் பெரிய உறைக் குழியையே நாடினார்கள்? டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட ‘வேர் இந்தியா கோஸ்’ என்ற நூல் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. குழியை அள்ளுவது குறிப்பிட்ட சாதியாரின் வேலை என்ற எண்ணம் ஆழமாக இருக்கும் நாட்டில், தன் வீட்டுக் குழியைத் தானே அள்ள யாரும் தயாரில்லை. அதனால் வாழ்நாளில் நிரம்பாத குழியே நல்ல குழி என்றாகிறது. இந்தக் கூச்சத்தை உடைக்க, 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளிக் கிராமத்தில் மக்கிய குழி ஒன்றில் இறங்கித் தன் கையாலேயே உரத்தை அள்ளினார். பல மாநிலங்களிலிருந்து வந்த அதிகாரிகளும் அவரோடு சேர்ந்து அள்ளினார்கள்.

சேலம் மாநகரில் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கிற தெருக்களுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். அங்கே தொட்டியே தேவையில்லை, நேராக இணைத்துவிடலாம்.

முசிறியின் மூன்று துளைகள்

நாமக்கல் மாவட்ட எல்லையைத் தாண்டிக் காவிரியின் வடகரையோடு கிழக்கே போனால், திருச்சி மாவட்டத்து முசிறி. ஆற்றோர ஊர் என்பதால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. எந்தக் குழி வெட்டினாலும் அது தண்ணீரில் போய் நிற்கும் என்ற நிலையில், ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனமும் அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனும் வேறொரு யோசனையைக் கையிலெடுத்தார்கள். குழியே வேண்டாம்.

‘ஈகோசான்’ எனப்படும் இந்தக் கழிப்பறை தரைக்கு மேலே கட்டப்படுகிறது. நாலைந்து படி ஏறிப் போக வேண்டும். தளத்தில் மூன்று தனி வழிகள். சிறுநீர் முன்பக்கம் ஒரு வழியில் போய்க் கேனில் சேரும். மலம் நடுத் துளை வழியாகக் கீழே உள்ள அறையில் விழும். கழுவும் நீர் மூன்றாவது வழியாகச் செடிகளுக்குப் போகும். போய் முடித்ததும் மேலே கொஞ்சம் சாம்பல் தூவி மூடிவிட வேண்டும். கீழே இரண்டு அறைகள். ஒன்று நிரம்பினால் மூடி வைத்துவிட்டு மற்றதைத் திறப்பார்கள். மூடிய அறையில் உள்ளது மாதக்கணக்கில் காய்ந்து உரமாகும். மேலைநாட்டில் காகிதத்தால் துடைப்பவர்களுக்காக உருவான அமைப்பில் கழுவும் நீருக்கு இடமில்லை. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்துக்குப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் கேரளத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் பொறியாளர் பால் கால்வெர்ட்.

முசிறி சாலியர் தெருவில் இதே முறையில் ஒரு பொதுக் கழிப்பறையும் வந்தது. ஊரெல்லாம் பொதுக் கழிப்பறைக்குக் காசு கொடுத்துப் போகும்போது, இங்கே போய்விட்டு வந்தவருக்கு ஒரு தடவைக்குப் பத்து பைசா கொடுத்தார்கள். சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமாகுமா என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பார்க்கப்பட்டது. கணக்கு எளிது. ஓர் ஆள் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். நம் கழிவில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. குழியில் இறங்கினால் கிணற்றைக் கெடுக்கும் அதே சத்து, வயலுக்குப் போனால் யூரியா மூட்டையின் வேலையைச் செய்கிறது. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லா வீட்டுக்கும் இது ஏற்றதா? இல்லை. மாடி வீட்டுக்கும் நகரத்து மனைக்கும் சரிப்படாது. வீட்டில் எல்லோருக்கும் ஒழுங்கு வேண்டும். விருந்துக்கு வந்தவர் நடுத் துளையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் காய்ந்ததெல்லாம் ஊறிப்போகும். ஆனால் காவிரிக்கரையில் தண்ணீர் மேலே நிற்கும் தோட்டத்து வீட்டுக்கும், கடப்பாறை இறங்காத பாறைமேட்டில் உள்ள வீட்டுக்கும், அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் நிலமும் இருந்தால் இதைவிடப் பொருத்தமானது குறைவு.

கோப்பைக்கு வருவோம்

கடையில் மினுங்கும் கோப்பையின் மூலப்பொருளில் ஒரு பகுதி இந்த மண்ணுக்கு அன்னியமானதல்ல. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் படிகக்கல்லும் பெல்ட்ஸ்பாரும் வெட்டியெடுக்கப்படுகின்றன. இந்த இரண்டையும் வெண்களிமண் வகைகளோடு அரைத்துக் கூழாக்கி, அச்சில் வார்த்து, கண்ணாடிப் பூச்சு பூசி, சுமார் 1,200 டிகிரியில் சுட்டால் வருவதுதான் சானிட்டரி பீங்கான். தமிழ்நாட்டில் பீங்கானுக்குப் பேர்போன ஊர்கள் ராணிப்பேட்டையும் விருத்தாசலமும். ராணிப்பேட்டையில் பிறந்த பாரிவேர் இப்போது ஸ்பெயின் நாட்டு ரோகா நிறுவனத்தின் கையில். எந்தக் கம்பெனியானாலும் ஐ.எஸ். 2556 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நன்றாகச் சுட்ட பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாததில் கறையும் நாற்றமும் தங்காது.

இரண்டாவது வேலை, குழிக்கும் கோப்பைக்கும் பொருத்தம் பார்ப்பது. இரட்டைக் குழிக்கென்றே ஒரு கோப்பை உண்டு. ‘ரூரல் பேன்’ என்று கேட்டால் தருவார்கள். சாதாரண இண்டியன் பேனைவிடச் சரிவு அதிகம், 25 டிகிரிக்கு மேல். அதன் வளைகுழாயில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். அதனால் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே எல்லாம் போய்விடும். இரட்டைக் குழி கட்டிவிட்டு அதன்மேல் பத்து லிட்டர் பிளஷ் டேங்க் வைத்த வெஸ்டர்ன் கோப்பையைப் பொருத்துகிறவர்கள், குழிக்குள் ஒரு குளத்தையே தேக்குகிறார்கள். மக்க வேண்டியது மக்காமல் ஊறுகிறது. பிறகு “டுவின் பிட் சரியில்லைங்க” என்ற பேர் மட்டும் ஊரில் நிற்கிறது.

வளைகுழாயில் எப்போதும் நிற்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சாக்கடை வாயு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். 1775-இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கழிப்பறை நாறுவதற்கும் காரணம் அதுவே, வளைவில் நின்ற நீர் வற்றியிருக்கும். ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாளி ஊற்றினால் சரியாகும்.

கடைக்காரர் சொல்லும் எஸ் டிராப், பி டிராப் என்பவை கழிவு வெளியேறும் திசையைக் குறிப்பவை. எஸ் என்றால் தரை வழியாக, பி என்றால் சுவர் வழியாக. எஸ் டிராப்பில் சுவரிலிருந்து குழாய் நடுப்புள்ளி வரை நாலு இஞ்ச், ஒன்பது இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச் என்று அளவுகள் மாறும். டைல்ஸ் ஒட்டிய பின் உள்ள சுவரிலிருந்து அளக்க வேண்டும். வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்து வாங்கி வந்த கோப்பை பொருந்தாமல் திரும்பிப் போவது பிளம்பர்களுக்குப் பழகிப்போன கதை. நாலு இஞ்ச் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு நல்ல கணக்கு. சரிவு குறைந்தால் தேங்கும். அதிகமானால் தண்ணீர் முந்திப்போய்க் கழிவு பின்தங்கும்.

உப்புத் தண்ணியும் பிளஷ் டேங்கும்

பழைய பிளஷ் டேங்குகள் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டின. இப்போது இரண்டு பொத்தான் உள்ளவை வந்துவிட்டன, பெரியதை அழுத்தினால் ஆறு லிட்டர், சிறியதற்கு மூன்று. அமெரிக்கா 1992-இலேயே சட்டம் போட்டுப் புதிய கோப்பைகளுக்குச் சுமார் ஆறு லிட்டர் என்று எல்லை வைத்தது. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பெரியது, நாலு சிறியது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 72 லிட்டர் ஆகும். பத்து லிட்டர் டேங்கில் 200 லிட்டர். மாதத்துக்கு 3,840 லிட்டர் மிச்சம். போர் வற்றிச் சித்திரை வைகாசியில் டேங்கர் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் வீடுகளுக்கு இதன் விலை தெரியும். மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் குழிக்குள் போகாத லிட்டர் என்பது இரண்டாவது லாபம்.

இந்தப் பகுதியின் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணி. கோப்பையில் வெள்ளையாகப் படியும், பிளஷ் டேங்க் வால்வில் சுண்ணாம்புபோல் கட்டும். சுவருக்குள் மறையும் ‘கன்சீல்டு’ டேங்கும் சுவரில் தொங்கும் கோப்பையும் பார்வைக்கு அழகு, தரை துடைப்பதற்கும் சுளுவு. வால்வு பிடித்துக்கொண்டால் முன்பலகை வழியாகக் கை விட்டுச் சரிசெய்ய முடிகிறதா, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கலாம். இல்லாவிட்டால் உப்புத் தண்ணி வீட்டுக்கு வெளியே தெரியும் டேங்கே உத்தமம். வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் டைல்ஸ் இடுக்கின் சிமென்ட்டை அரிக்கும், செப்டிக் டேங்கில் கசடைத் தின்னும் நுண்ணுயிர்களையும் கொல்லும். எலுமிச்சை உப்பை ஊறவிட்டுத் தேய்த்தால் அந்தக் கறை போய்விடும்.

குந்துவதா, உட்காருவதா

இஸ்ரேல் மருத்துவர் டோவ் சிகிரோவ் 2003-இல் 28 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். குந்தியிருந்தபோது மலம் கழிக்கச் சராசரியாக 51 வினாடி, வழக்கமான உயரமுள்ள வெஸ்டர்ன் கோப்பையில் 130 வினாடி ஆயிற்று. முக்கல் அதில் அதிகம். மூலமும் மலச்சிக்கலும் உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய சேதி. சிறிய சோதனைதான் என்றாலும், குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது என்பது உடற்கூறு.

முட்டி தேய்ந்த அப்பத்தாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது இரவில் விழாமல் போய் வருவது. கோப்பையின் உட்காரும் உயரம் தரையிலிருந்து 16 அங்குலம் என்பது சாதாரணம். முட்டிவலிக்காரருக்கு 18 அங்குலம் வசதி. பக்கச் சுவரில் பிடிமானக் கம்பி, வழுக்காத டைல்ஸ், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, இந்த மூன்றும் கோப்பையின் விலையைவிடக் குறைந்த செலவில் முடிபவை. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை உடைத்துத்தான் போக வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி போக மூன்றடி வழி வேண்டும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடிதான் வைக்கிறார்கள்.

பல குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. வெளியே பொடக்காளிப் பக்கம் ஒரு இண்டியன், காட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் இளவட்டத்துக்கும். உள்ளே ஒரு வெஸ்டர்ன், வயசானவர்களுக்கு. இடமோ பணமோ ஒன்றுக்குத்தான் என்றால், மேலே கால் வைத்துக் குந்தவும் முடியும், உட்காரவும் முடியும் என்ற ஆங்கிலோ-இந்தியன் கோப்பை கடைகளில் இருக்கிறது. வெஸ்டர்ன் முன் ஒரு சின்ன மணைப்பலகையைப் போட்டுக் கால் வைத்தாலும் பாதிக் குந்தல் கிடைக்கும்.

வண்டி வரும் நாள்

எந்தத் தொட்டியும் ஒரு நாள் நிரம்பும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால் தொட்டி தொட்டியாக இருக்காது, வந்ததை அப்படியே வெளியே அனுப்பும் குழாயாகிவிடும். தமிழ்நாடு அரசு 2014-இல் வெளியிட்ட கழிவுக் கசடு மேலாண்மை வழிகாட்டுதல்கள், எடுத்த கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்கின்றன. ஓடையிலோ ஏரியிலோ திறந்துவிடும் வண்டிக்காரரை ஊரார் மறிப்பதும் நடக்கிறது. வண்டியைக் கூப்பிடும்போதே உரிமம் உண்டா, எங்கே கொட்டுகிறார் என்று கேட்டுவிடலாம். இந்தச் சேவைக்கான உதவி எண் 14420.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் நிறைந்த தொட்டிக்குள் இறங்குபவர் கூப்பிடுவதற்குள் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்குபவரும் அவர்மேலேயே விழுகிறார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்ட வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வீடு வீடாகச் சொல்லிப் போவது வேறொரு காரணத்துக்காக. அந்தத் தொட்டிகள் கொசு வளர்க்கும் பண்ணைகள்.

புது வீடுகளில் தொட்டி பெரும்பாலும் போர்ட்டிகோவுக்கு அடியில் போகிறது. மேலே டைல்ஸ் ஒட்டும்போது மூடியும் சேர்ந்து மறைந்துபோகிறது. நாலைந்து வருடம் கழித்து வண்டி வந்து நிற்கும்போது, மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. காங்கிரீட் போடுவதற்கு முன் சுவரிலிருந்து மூடிக்கு எத்தனை அடி என்று அளந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூடியை டைல்ஸுக்குள் புதைக்காமல் தூக்கி எடுக்கும்படி வைக்கச் சொன்னால், மேஸ்திரிக்கு அரை நாள் வேலைதான் கூடும்.